மயிரிழையில் நிற்கும் எழுத்து

சென்ற தை மாதம் எனக்கு வந்த ஒரு திருமண அழைப்பிதழில் மணமகளின் பெயர் பாதி காணாமல் போயிருந்தது. தமிழில் எல்லாம் சரியாகவே இருந்தது. முகப்பில், அரக்கு நிற அட்டையில் பொன்னிற ஃபாயில் வைத்துப் பதித்த ஆங்கிலப் பெயரில்தான் கோளாறு. பெயரின் முதலெழுத்து 'என்'. மூன்று கோடுகளால் ஆன எழுத்து அது: இரண்டு பக்கக் கோடுகள், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குக் கோடு. அட்டையில் குறுக்குக் கோடு மட்டும் பளபளவென்று நின்றது. பக்கக் கோடுகள் இரண்டும் இருந்த இடம் தெரியவில்லை. விளக்கொளியில் திருப்பிப் பார்த்தபோது, ஜிகினாத் தூள் ஒட்டியதுபோல் இரண்டொரு புள்ளி மின்னியது.

அச்சகத்தில் யாரும் தூங்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை. கணினியில் அந்தப் பெயரை அமைத்தவர் தேர்ந்தெடுத்த எழுத்துரு, 'நேர்த்தியாக வேண்டும்' என்று யார் கேட்டாலும் இன்று முதலில் கைக்கு வரும் வகை. தடித்த கோடு மிகத் தடித்தும் மெல்லிய கோடு மிக மெலிந்தும் இருக்கும், நுனிகளில் செரிஃப் இருக்கும், வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்த வகையில் 'என்' எழுத்தின் பக்கக் கோடுகள் இரண்டுமே மயிரிழைகள். குறுக்குக் கோடுதான் தடித்தது. மயிரிழையில் ஃபாயில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். பத்திரிகை அட்டையில் கையகலத்துக்கு நிற்க வேண்டும் என்று வரைந்த எழுத்தை நகக்கண் அளவுக்குச் சுருக்கிச் சொரசொரப்பான அட்டையில் பதித்தால் வேறென்ன நடக்கும்? இந்த வகை எழுத்துக்கு இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் நேர்ந்த அவமானங்கள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால் வந்தவை. அதற்குக் கிடைத்த மரியாதையும் இதே மயிரிழையால் வந்ததுதான்.

செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடியும் இடத்தில் ஒட்டியிருக்கும் சிறு பாதம். பழைய புத்தக எழுத்துகளில் அது ஒரு மெல்லிய வளைவோடு கோட்டிலிருந்து விரிந்து வரும். நாம் பேசும் வகையிலோ கத்தியால் நறுக்கிய தகடுபோல் நேராக, வளைவே இல்லாமல் ஒட்டி நிற்கும். தடிமனும் அப்படித்தான். சாதாரண எழுத்தில் தடித்த கோடு படிப்படியாக இளைத்து மெல்லிய கோடாகும். இதில் அந்த இறக்கம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், இந்த எழுத்தில் வல்லினம் உண்டு, மெல்லினம் உண்டு, இடையினம் கிடையாது. பிரான்சில் எழுத்துருக்களை வகைப்படுத்திய மாக்சிமிலியன் வோக்ஸ் 1954-இல் இந்த வகையை வளர்த்த பாரிசின் டிடோ குடும்பம், இத்தாலியில் பார்மா நகரின் அச்சுக்காரர் போடோனி ஆகிய இரு பெயர்களையும் ஒட்டவைத்து இதற்கு 'டிடோன்' என்று பெயர் சூட்டினார்.

டிடோன் வகையின் நிமிர்ந்த எழுத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதோடு பிறந்த சாய்வெழுத்து எனக்கு அதைவிடச் சுவையான விஷயம். நிமிர்ந்த எழுத்து, தான் ஒரு காலத்தில் கையால் எழுதப்பட்டது என்பதையே மறக்கப் பார்த்தது. சாய்வெழுத்தால் அது முடியவில்லை.

சாய்வெழுத்து பிறந்தது வெனிஸ் நகரில். ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற எழுத்து வெட்டுநர் அதை எஃகு முளைகளில் செதுக்கினார். அந்த முளையைச் செம்பில் அடித்துக் கிடைக்கும் குழியில் ஈயத்தை வார்த்தால் அச்செழுத்து. 1500-இல் ஒரு நூலின் முகப்புப் படத்தில் சில சொற்களாக எட்டிப்பார்த்தது. 1501-இல் பழைய லத்தீன் கவி வர்ஜிலின் கவிதைகள் முழுவதையும் கைக்கடக்கமான சிறு புத்தகமாக அந்த எழுத்திலேயே அச்சிட்டார்கள். இன்று நாம் ஒரு சொல்லை அழுத்திக் காட்டவோ நூற்பெயரைப் பிரித்துக் காட்டவோ சாய்வெழுத்தை எடுக்கிறோம். அன்று அந்தப் பயனே கிடையாது. முழுப் புத்தகமும் அதுதான். இத்தாலியக் கல்விமான்கள் அவசரத்தில் எழுதிய ஓட்டக் கையெழுத்தை ஈயத்தில் வார்த்தார்கள். பெரிய எழுத்துகள் அப்போதும் நிமிர்ந்தே நின்றன, சின்ன எழுத்துகள் மட்டும் சாய்ந்து ஓடின. வெனிஸ் அரசு ஆல்டஸுக்குத் தனியுரிமை கொடுத்தது. லியோன் நகர அச்சகங்கள் அதைப் பொருட்படுத்தாமல் நகலெடுத்தன. உண்மையில் வெட்டிய கிரிஃபோவுக்கு உரிமையில் பங்கு இல்லை. இருவரும் பிரிந்தார்கள். எழுத்துரு உலகில் யார் பெயர் நிற்பது என்ற சண்டைக்கும் அங்கேயே பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது.

நிமிர்ந்த எழுத்துக்கும் சாய்வெழுத்துக்கும் கல்யாணம் ஆனது அந்த நூற்றாண்டின் போக்கில்தான். ராபர்ட் கிராஞ்சோன் போன்ற பிரெஞ்சு வெட்டுநர்கள் காலத்தில் சாய்வெழுத்து தனிக்குடித்தனத்தை விட்டு, நிமிர்ந்த எழுத்தின் பக்கத்தில் துணையாக வந்து உட்கார்ந்தது. அளவு, கருமை, உயரம் எல்லாவற்றையும் இணைக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஆனால் சுபாவத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தச் சுபாவம் என்னவென்று பார்க்க வேண்டுமானால் பேனாவைப் பார்க்க வேண்டும்.

ஆல்டஸ் காலத்துப் பேனாவுக்கு நுனி பட்டையாக இருக்கும். எந்தத் திசையில் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோடு தடிக்கும் அல்லது மெலியும். கை அழுத்தத்துக்கு அங்கே வேலையில்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் எழுத்தர்கள் கைக்கு வேறொரு பேனா வந்தது: கூரான, வளைந்து கொடுக்கும் முனை. கீழ்நோக்கி அழுத்தினால் முனை இரண்டாகப் பிளந்து மை பாயும், கோடு பருக்கும். மேல்நோக்கிப் போகும்போது அழுத்த முடியாது. அழுத்தினால் முனை தாளைக் குத்திக் கிழிக்கும். ஆகவே கீழிறங்கும் கோடு தடித்தது, மேலேறும் கோடு மயிரிழை. நெதர்லாந்தின் எழுத்து வடிவமைப்பாளர் கெரிட் நோர்ட்சைய், மேற்கத்திய எழுத்துகளின் தடிப்பு மெலிவு முழுவதையும் இந்த இரண்டு பேனாக்களின் நடத்தையாகவே விளக்கினார். கூர்முனைப் பேனாவில் எழுதியதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டபோது கோடு இன்னும் நுணுகியது. லண்டனில் ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட கையெழுத்துத் தகடுகளைப் பார்த்தால் தெரியும்; அந்த மெல்லிய கோடுகளுக்கு முன்னால் ஈய அச்செழுத்து கரடுமுரடான நாட்டுப்புறத்து உறவினர் மாதிரி நிற்கிறது.

ஈயத்துக்கு அந்தப் பொறாமை வராமல் இருக்குமா? பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் 1692-இல் ஒரு குழு அமர்ந்தது. எழுத்துகளைக் கட்டம் போட்டு, அளவுகோலும் காம்பசும் வைத்து வரைந்தார்கள். அதே கட்டத்தைச் சாய்த்து வைத்துச் சாய்வெழுத்தையும் வரைந்தார்கள். 1702-இல் அந்த அரச எழுத்து அச்சேறியபோது, வெட்டிய பிலிப் கிராஞ்சான் குழுவின் கட்டங்களைவிடத் தன் கண்ணையே அதிகம் நம்பியிருந்தார் என்பது தெரிந்தது. ஆயினும் செரிஃப் தட்டையானது, தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடு கூடியது, வட்ட எழுத்துகளின் சாய்ந்த நடுக்கோடு நிமிர்ந்தது. திசை காட்டியாகிவிட்டது.

பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. இவர் முதலில் எழுத்துப் பயிற்றும் ஆசிரியர். பிறகு அரக்குப் பூச்சுப் பொருள்கள் விற்றுப் பணம் சேர்த்தவர். மெல்லிய கோடு அச்சில் நிற்க வேண்டுமானால் தாளும் மையும் மாற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1757-இல் வெளியிட்ட வர்ஜில் பதிப்பில் வரித்தடம் இல்லாத வழவழப்பான புதுத் தாளைப் பயன்படுத்தினார், மையைக் கருமையாக்கினார், அச்சான தாளைச் சூடான தகடுகளுக்கு இடையில் வைத்து அழுத்தினார். உடனே வசைபாடவும் ஆள் கிளம்பினார்கள். இந்தக் கூர்மையான கோடுகள் இங்கிலாந்தின் கண்ணையே கெடுத்துவிடும் என்றார் ஒருவர். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், அவரே அச்சுத்தொழிலாளர், அந்த ஆளிடம் லண்டன் எழுத்து வெட்டுநர் காஸ்லானின் பழைய எழுத்துமாதிரித் தாளை, பெயரைக் கிழித்துவிட்டு, 'இதுதான் பாஸ்கர்வில், குறை எங்கே காட்டுங்கள்' என்று நீட்டினார். அவரும் வரிவரியாகக் குறை காட்டினார். 1760-இல் பிராங்க்ளின் இதைப் பாஸ்கர்வில்லுக்குக் கடிதமாக எழுதினார். படிக்கும் கண்ணைவிடக் கேள்விப்பட்ட காது முந்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.

பார்மாவும் பாரிசும்

போடோனி 1740-இல் வட இத்தாலியின் சலூட்சோவில் அச்சுக்காரர் மகனாகப் பிறந்தார். ரோமில் மதப்பரப்புச் சபையின் அச்சகத்தில் கிழக்கத்திய மொழிகளின் எழுத்துகளோடு பழகினார். 1768-இல் பார்மா கோமகனின் அரச அச்சகத்துக்கு வந்தார். வந்த புதிதில் பாரிசின் ஃபூர்னியே வார்ப்பகத்து எழுத்துகளைத்தான் வாங்கிப் புழங்கினார். பிறகு தானே வெட்டத் தொடங்கினார். பாரிசிலோ ஒரு குடும்பமே இதில் இறங்கியிருந்தது. ஃபிர்மென் டிடோ 1784-இல், இருபது வயதில், புதுப் பாணியின் முதல் எழுத்துகளை வெட்டினார். அண்ணன் பியேர் அந்த எழுத்துகளைக் கொண்டு லூவர் அரண்மனையில் அச்சகம் நடத்தி, பிரமாண்டமான பதிப்புகளைக் கொண்டுவந்தார். பார்மாவும் பாரிசும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இழைத்தன. யார் கோடு மெல்லியது என்பதில் ஒரு மௌனப் போட்டி.

நிமிர்ந்த எழுத்தில் இருவரும் பேனாவின் தடயத்தைத் துடைத்தெடுத்தார்கள். செங்குத்துக் கோடெல்லாம் தடி, கிடைக்கோடெல்லாம் இழை. ஒரு கையால் எழுதியதாக அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. பக்கத்தில் சாய்வெழுத்தை வைத்துப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய 'என்' எழுத்தை எடுத்துக்கொள்வோம். நிமிர்ந்த வடிவில் அதன் வளைவு தண்டின் உச்சியிலிருந்து புறப்படும். பேனாவைத் தூக்கி மறுபடி வைத்தால் வரும் வடிவம். சாய்வெழுத்தில் பேனா தாளை விட்டு எழாது. முதல் தண்டை இறக்கி, வந்த வழியே ஒரு மயிரிழையாக மேலேறி, தோளில் வளைந்து, மறுபடி தடித்து இறங்கி, அடியில் இன்னொரு இழையாகச் சுழித்து அடுத்த எழுத்தை நோக்கிக் கை நீட்டும். மேலேறும் அந்த இழையில்தான் இந்த எழுத்தின் உயிர் இருக்கிறது. கை தளர்ந்து ஏறியதால் மெலிந்த கோடு அது. தடிப்பும் மெலிவும் இங்கே ஒப்பனையாகத் தெரியாததற்குக் காரணம், அவை ஏறுவதையும் இறங்குவதையும் சொல்லுகின்றன.

மற்ற எழுத்துகளிலும் இந்தக் கைவாகு தொடர்கிறது. நிமிர்ந்த 'ஏ'-க்குத் தலைக்கு மேல் ஒரு கூரை உண்டு. சாய்வில் அது கூரையைக் கழற்றிவிட்டு ஒற்றை முட்டையாகிவிடும். 'எஃப்' கோட்டுக்குக் கீழே வாலை இறக்கும். பல வெட்டுகளில் 'வி', 'டபிள்யூ' போன்றவை நேர்க்கோடுகளை விட்டு வளைந்து, நுனியில் ஒரு மைத்துளியைத் தொங்கவிடும். அந்தத் துளி சும்மா அழகுக்கு இல்லை. மயிரிழை வெறுமனே முடிந்தால் வெட்டுப்பட்டதுபோல் தோன்றும். துளி வைத்தால் கோடு வந்து சேர்ந்த இடம் தெரிகிறது.

இந்த 'எஃப்' அச்சுக்கோப்பவர்களை நன்றாகப் படுத்தியது. சாய்வெழுத்து என்பதால் அதன் தலையும் வாலும் தான் நிற்கும் ஈயக் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து எழுத்தின் தோளில் தலையை வைத்துக்கொள்ளும். பக்கத்தில் உயரமான எழுத்து வந்தால் மோதிக்கொண்டு, நீட்டிய பகுதி ஒடிந்துவிடும். இரண்டு எழுத்துகளையும் ஒரே கட்டையில் சேர்த்து வார்த்தது அழகுக்காக மட்டும் இல்லை, ஒடியாமல் இருக்கவும்தான்.

நம் ஊரில் 'ஐ' பொத்தானை அழுத்தி எந்த எழுத்தையும் சாய்த்துவிடலாம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அப்படிக் கிடைப்பது சாய்வெழுத்து ஆகாது, சாய்க்கப்பட்ட எழுத்து. காற்றில் சாய்ந்த தென்னைக்கும் நடக்கிறவன் முன்னோக்கிச் சாய்வதற்கும் உள்ள வித்தியாசம். கணினி ஒரு வட்டத்தை அப்படியே ஒரு பக்கம் தள்ளும்போது வளைவின் ஒரு மூலை பருத்து, எதிர் மூலை மெலியும். தடிப்பு எங்கே, மெலிவு எங்கே என்பதையே உயிராகக் கொண்ட டிடோன் எழுத்தில் இந்தத் தவறு மறைய இடமே இல்லை. தமிழுக்கு இது இன்னும் கசப்பான விஷயம். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்தில் தடிப்பு மெலிவே இல்லை; பிறகு தாளில் பேனாவால் வேகமாக எழுதிய ஓட்டக் கையெழுத்து நம்மிடமும் இருந்தது, பழைய பத்திரங்களிலும் கடிதங்களிலும் அழகழகாக இருக்கிறது. அதை ஈயத்தில் வார்த்து நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாக வைக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ஆகவே தமிழில் சாய்வு என்று இன்று நாம் பார்ப்பதில் பெரும்பாலானது தள்ளிவிடப்பட்ட எழுத்துதான். அழுத்திச் சொல்ல ஒற்றை மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ போதும் என்பதே என் கட்சி.

ஒரு கணக்கு

மயிரிழைக்கு வருவோம். எழுத்தின் அளவில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். 72 பாயின்ட் அளவு என்றால் 25.4 மில்லிமீட்டர், இழை அரை மில்லிமீட்டர். தாராளமாகத் தெரியும், சொல்லப்போனால் தடிமனாகவே தெரியும். அதே எழுத்து 9 பாயின்டில் வந்தால் இழை 0.06 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அங்குலத்துக்கு 96 புள்ளி கொண்ட பழைய கணினித் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.26 மில்லிமீட்டர். அந்த இழை ஒரு புள்ளியில் கால் பங்கைத்தான் நிரப்பும். திரை அதை வெளிறிய சாம்பல் நிறமாகக் காட்டும். அங்குலத்துக்கு 400 புள்ளி கொண்ட கைப்பேசித் திரையில் ஏறக்குறைய ஒரு முழுப் புள்ளி கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும். பத்திரிகைத் தலைப்புகளுக்கென்றே வரைந்த எழுத்துகளில் இழை நூறில் ஒரு பங்குக்கும் கீழே போவதுண்டு. அதை 9 பாயின்டுக்குச் சுருக்கினால் எந்தத் திரையும் தாளும் காப்பாற்ற முடியாது.

இந்தத் தொல்லை போடோனிக்கு இல்லை. அவர் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக எஃகில் வெட்டினார். சிறிய அளவுக்கு இழையைக் கொஞ்சம் தடிக்க வைப்பார், எழுத்தைக் கொஞ்சம் அகலப்படுத்துவார், இடைவெளியைத் தளர்த்துவார். பெரிய அளவில் இழையை இழுத்து நுணுக்குவார். போதாதற்கு ஈய அச்சு தாளில் அழுந்தும்போது மை சற்றே பரவி, சிறிய எழுத்தின் இழைக்குச் சதை போடும். 1813-இல் அவர் இறந்தபின், மனைவி மார்கெரிட்டா தல்லாலியோ 1818-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட எழுத்து மாதிரி நூலில் நிமிர்ந்ததும் சாய்ந்ததுமாக 142 தொகுப்புகள் இருக்கின்றன. ஒரே வடிவத்தை எதற்கு இத்தனை முறை என்று தோன்றும். அவை ஒரே வடிவம் இல்லை என்பதுதான் பதில். இன்றைக்கும் பார்மாவின் பிலோட்டா மாளிகையில் உள்ள போடோனி அருங்காட்சியகத்தில் அந்த எஃகு முளைகளையும் செப்பு அச்சுகளையும் காணலாம்.

இந்த அறிவு இயந்திரங்களின் காலத்தில் கைநழுவியது. அமெரிக்காவில் லின் பாய்ட் பென்டன் 1885-இல் காப்புரிமை பெற்ற வெட்டு இயந்திரம் ஒரே வரைபடத்திலிருந்து பல அளவுகளைச் செதுக்க வழி செய்தது. கவனமாகப் பயன்படுத்தியவர்கள் அளவுக்கேற்பத் திருத்தினார்கள், மற்றவர்கள் திருத்தவில்லை. பிறகு ஒளி அச்சுக்கோப்பு வந்தது. ஒரு படச்சுருளிலிருந்து லென்ஸால் எந்த அளவும் கிடைத்தது. பிறகு கணினி. ஒரு கோப்பு, எல்லா அளவுக்கும். ரப்பர் விரிப்பு வழியாகத் தாளில் பதிக்கும் ஆஃப்செட் அச்சில் மை பரவுவதும் குறைந்துவிட்டதால் இழைக்குக் கிடைத்த சதையும் போயிற்று. போடோனியைப் படிக்க முடியவில்லை என்று இருபதாம் நூற்றாண்டில் பலர் புலம்பியது உண்மையில் தவறான அளவில் வந்த போடோனியைப் பற்றித்தான்.

புலம்பல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தப் பாணியை எல்லா இடத்துக்கும் இழுத்துச் சென்றது. லண்டன் விளம்பரத் தட்டிகளில் தடித்த கோட்டை இன்னும் உப்பவைத்துக் குண்டு எழுத்தாக்கினார்கள். மட்டமான புத்தகங்களில் தேய்ந்த ஈயத்தில், மட்டத் தாளில் அடித்தார்கள். இங்கிலாந்தின் கலைஞரும் அச்சுக்காரருமான வில்லியம் மாரிஸுக்கு போடோனி என்றாலே வேப்பங்காய். நியூயார்க்கின் 'செஞ்சுரி' மாத இதழ், தன் எழுத்து வெளிறிக் கிடக்கிறது என்று 1894-இல் லின் பாய்ட் பென்டனைக் கொண்டே தடித்த இழையோடு புது எழுத்து வெட்டிக்கொண்டது. வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சொரசொரத் தாளில் அச்சான செய்தித்தாள்கள் 1920-களில் மயிரிழையைக் கைகழுவிவிட்டு உறுதியான எழுத்துகளுக்குப் போய்விட்டன. செய்தித்தாளுக்கு அது சரியான முடிவுதான். இந்த எழுத்து அங்கே போயிருக்கவே கூடாது.

பளபளப்பான தாளும் அதில் குடியேறிய எழுத்தும்

அது வாழ ஏற்ற இடம் வேறெங்கோ இருந்தது. ஃபேஷன் பத்திரிகைகளின் வழவழப்பான ஆர்ட் பேப்பர், நல்ல மை, பெரிய தலைப்புகள், நிறைய வெற்றிடம். பாஸ்கர்வில் பணத்தைக் கொட்டி ஏற்படுத்திக்கொண்ட சூழல் இங்கே தானாகவே அமைந்திருந்தது. 'வோக்' 1955 முதல் தன் பெயரை டிடோ எழுத்தில் தாங்கி வருகிறது. 1960-களின் தொடக்கத்தில் சுவரொட்டி ஓவியர் கசான்ட்ர் வரைந்த ஈவ் சான் லோரான் ஃபேஷன் நிறுவனத்தின் பெயர்ப் பொறிப்பில் நிமிர்ந்த எழுத்தும் சாய்வெழுத்தும் ஒரே சொல்லுக்குள் கலந்து நிற்கின்றன. இலக்கணப்படி செய்யக்கூடாத வேலை, பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. செல்வத்துக்கும் இந்த எழுத்துக்கும் மனத்தில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டதற்குப் பலர் பல காரணம் சொல்லுகிறார்கள். எனக்குத் தோன்றுவது எளிமையானது. மயிரிழை உடையாமல் வந்திருக்கிறது என்றால் நல்ல தாள் வாங்கியிருக்கிறார்கள், நல்ல அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். பட்டுச் சேலையில் சரிகை நூலின் நுண்மையைப் பார்த்து விலையை ஊகிப்பதுபோலத்தான். எழுத்து தன் செலவைத் தானே சொல்லிக்கொள்கிறது.

மயிரிழையை அளவோடு பிணைத்த பழைய அறிவும் இந்தப் பத்திரிகை வழியாகவே திரும்பி வந்தது. கலை இயக்குநர் ஃபேபியன் பாரோன் 1992-இல் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' ஃபேஷன் இதழை மாற்றியமைத்தபோது, எழுத்துரு வடிவமைப்பாளர் ஜொனாதன் ஹோஃப்ளர் அதற்கான டிடோவை வரைந்தார். 6 பாயின்ட் முதல் 96 பாயின்ட் வரை ஏழு அளவுகள். ஒவ்வொன்றிலும் மூன்று தடிமன்கள். ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்தது, சாய்ந்தது. ஆக 42 எழுத்துருக்கள். படத்துக்கு விளக்கவுரையாகச் சிறிதாக வந்தாலும் பக்கம் முழுக்கப் பரந்தாலும் கண்ணில் இழை ஒரே நுண்மையோடு படும். இரண்டாண்டு கழித்து ஐ.டி.சி. என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட போடோனிக்காக வடிவமைப்பாளர்கள் பார்மாவுக்கே போய் மூல அச்சுகளைப் பார்த்து, 6, 12, 72 என்று மூன்று அளவுகளுக்கு வரைந்தார்கள். 2016-இல் ஒரே கோப்புக்குள் பல வடிவங்களை அடக்கும் மாறி எழுத்துருத் தரம் வந்தபின், அளவைச் சொன்னால் இழை தானே தடிக்கவும் மெலியவும் வழி பிறந்திருக்கிறது. போடோனி எஃகில் செய்ததைத் தொழில்நுட்பம் சுற்றிவளைத்து வந்து பிடித்திருக்கிறது.

ஆனால் நம் தெருமுனை டி.டி.பி. கடைக்கு வந்து சேர்ந்தது வேறு. டென்மார்க்கைச் சேர்ந்த கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் 2011-இல் இலவசமாக வெளியிட்ட பிளேஃபேர் டிஸ்பிளே உலகெங்கும் பரவியது. பாஸ்கர்வில் காலத்தை நினைவில் வைத்து வரைந்தது. அதன் சாய்வெழுத்து நிஜமான சாய்வெழுத்து, அழகானதும்கூட. 'டிஸ்பிளே' என்று பெயரிலேயே எச்சரிக்கை எழுதி ஒட்டியிருக்கிறது: பெரிதாகக் காட்டுவதற்கு. யாரும் பெயரைப் படிப்பதில்லை. காபிக்கடைப் பட்டியலின் விலைக் குறிப்பிலும் இணையதளத்தின் பத்திகளிலும் அது மூச்சுத் திணறிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பத்தி முழுவதும் இந்த எழுத்தில் வந்தால் தடித்த தண்டுகள் மட்டும் கண்ணில் பட்டு, இழைகள் மறைந்து, வரிகள் சாய்ந்த மூங்கில் தட்டியாகிவிடும். வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கொடுமை. பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் சாய்வெழுத்தையே தவிர்க்கச் சொல்லுகிறது.

பயன்படுத்துவோருக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு சொல், ஒரு பெயர், அதிகம் போனால் ஒரு வரி. பெரிதாக, சுற்றிலும் இடம் விட்டு. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டவேண்டாம். ஒன்றையொன்று தொட நீளும் இழைகளை வலிந்து பிரித்தால் ஓட்டம் அறுந்துபோகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வந்தால், சுற்றியுள்ள மை இழையைத் தின்றுவிடும் என்பதை நினைவில் வைத்து ஒரு படி தடித்த வடிவத்தை எடுக்கலாம். நான்கு வண்ணங்களைக் கலந்து இழைக்கு நிறம் கொடுக்கவே வேண்டாம். ஒரு வண்ணம் இம்மி நகர்ந்தாலும் இழை இரண்டாகத் தெரியும், ஒற்றை மைதான் பாதுகாப்பு. ஃபாயில் என்றால், அச்சகத்தில் அவர்களால் பதிக்க முடிந்த மிக மெல்லிய கோடு எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து மயங்குவதைவிட, உண்மை அளவில், உண்மைத் தாளில் ஒரு மாதிரி எடுத்துப் பார்ப்பது நூறு ரூபாய்ச் செலவில் முடியும். அந்த அழைப்பிதழுக்கு யாராவது அதைச் செய்திருந்தால் முதல் பார்வையிலேயே 'என்' காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்து எழுத்தே இல்லை. 'அண்ட்' குறி. லத்தீனில் 'உம்' என்ற பொருள் தரும் 'எத்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளையும் பின்னிச் செய்தது. நிமிர்ந்த வடிவில் அந்தப் பிறப்பு மறைந்து வெறும் முடிச்சாகிவிடும். சாய்வில் 'இ'-யும் 'டி'-யும் கைகோத்து நிற்பது பல வெட்டுகளில் இன்றும் தெரியும். கடைப் பெயரிலும் அட்டையிலும் வடிவமைப்பாளர்கள் சுற்றிலும் நிமிர்ந்த எழுத்தைப் போட்டுவிட்டு இந்தக் குறியை மட்டும் சாய்வில் வைப்பது பழைய தந்திரம். நான் பார்த்த அழைப்பிதழிலும் இரண்டு பெயர்களுக்கும் நடுவே அது இருந்தது. அலங்காரமாக இருக்கட்டும் என்று பெயர்களைப்போல மூன்று மடங்கு பெரிதாக வைத்திருந்தார்கள். மேலே மணமகள் பெயரும் கீழே மணமகன் பெயரும் இழையிழையாக உதிர்ந்து கிடக்க, அந்தக் குறி மட்டும் ஒரு மயிரிழைகூடக் குறையாமல் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது.